தொடாமல் பார்க்கிற வைத்தியம்

(குமாரபாளையத்தில் தோழர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. விட்டுப்போனதைச் சேர்த்தும் சுற்றி வளைத்ததைக் குறைத்தும் எழுதியிருக்கிறேன். பேச்சு வழக்கை முழுசாக மாற்றவில்லை.)

தோழர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிற அண்ணன்களே, அம்மாக்களே,

வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். வாசித்து முடித்ததும் டீ கொடுப்பார்கள், குடித்துவிட்டுப் போய்விடுவேன். இந்த முறை டெலிமெடிசின் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு பேங்கில் கிளார்க்காக இருக்கிறவன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். மனுசனுக்கும் மனுசனுக்கும் நடுவில் ஒரு மெஷின் வந்து உட்காரும்போது நம்ம சனத்துக்கு என்ன ஆகிறது என்பதைக் கவுண்டருக்கு உள்ளே இருந்து தினமும் பார்க்கிற வேலை என்னுடையது.

நோயாளி ஒரு ஊரில் இருப்பார், டாக்டர் வேறு ஊரில் இருப்பார். நடுவில் போனோ கம்ப்யூட்டரோ இருக்கும். பேசி, முகம் பார்த்து, ரிப்போர்ட்டை அனுப்பி வைத்தியம் நடக்கும். தொலை மருத்துவம் என்று தமிழில் எழுதுகிறார்கள். நம் நாட்டில் இதைப் பெரிய விளம்பரத்தோடு தொடங்கியது ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டம் அரகொண்டா என்ற ஊரில். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் இந்தியா வந்தபோது அதைத் தொடங்கிவைத்தார். அரகொண்டா, அப்பல்லோ மருத்துவமனை நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். சொந்த ஊருக்குச் செய்தார், நல்லது. சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஊரும், ஊருக்கு வெளியே ஒரு வளவும் இருக்கிறவர்களின் கதை வேறு.

அரசாங்கம் முழு மூச்சாக இதில் இறங்கியது கொரோனா காலத்தில். 2020 மார்ச் 25ஆம் தேதி, ஊரடங்கு தொடங்கிய அதே நாள், தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. ஏப்ரல் 13ஆம் தேதி இ-சஞ்சீவனி என்ற இலவசச் சேவையில் வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசலாம் என்று ஆனது. அந்த வருசம் நாட்டிலேயே அதை அதிகமாகப் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு.

பெயரைக் கவனியுங்கள், சஞ்சீவனி. அனுமார் மலையையே பெயர்த்துக்கொண்டு வந்த கதை. லட்சுமணனுக்கு மூர்ச்சை போட்டதும் மலை பறந்து வருகிறது. தவம் செய்த சூத்திரன் சம்பூகனுக்கு அந்த வீட்டிலிருந்து வந்தது கத்தி. அவன் தலை விழுந்ததும் செத்துப்போன பிராமணப் பிள்ளை உயிர்த்து எழுந்ததாம். ஒருத்தன் உயிரை எடுத்து இன்னொருத்தனுக்குக் கொடுத்த வைத்தியம் அது. அரசாங்கத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் இதெல்லாம் யோசிப்பதில்லை. நாம் யோசிக்காமல் இருக்க முடியாது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். தொலைவு என்கிறார்களே, எது தொலைவு?

குமாரபாளையம் காடோ மலையோ அல்ல. ஊரிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. ஈரோட்டில் ஆஸ்பத்திரிகள் வரிசையாக நிற்கின்றன. பெருந்துறையில் அரசு மருத்துவக் கல்லூரி, சேலத்தில் இன்னொன்று, 2022 ஜனவரியிலிருந்து நாமக்கல்லிலும் ஒன்று. மேப்பை விரித்து வைத்துப் பார்க்கிற அதிகாரிக்கு இது வசதி நிறைந்த இடம். அவர் கணக்கில் நமக்குத் தொலைவே இல்லை.

ஆனால் தறிக்காரனின் கணக்கு கிலோமீட்டரில் இல்லை, ஷிப்டில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் தறி ஓட்டினால்தான் கூலி. வெளிநோயாளிச் சீட்டுக் கொடுப்பது காலையில். காலையில் போய் நின்றால் ஒரு ஷிப்ட் போச்சு. டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னால் மறுநாளும் போகோணும். இரண்டு ஷிப்ட். அதற்கு மேல் முன்பணம் இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கியவன் லீவு கேட்டால் பட்டறைக்காரர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கி இருமல் வந்தாலும், தறிச் சத்தத்தில் காது மந்தமானாலும், மெடிக்கலில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பாவு ஏற்றப் போய்விடுகிறோம். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நம்மால்தான் போக முடியவில்லை.

2025 ஜூலையில் பக்கத்துப் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகத்தை விலைபேசிய விவகாரம் வெளியே வந்ததே, நினைத்துப் பாருங்கள். கடன் கழுத்தை நெரித்த குடும்பங்களைத் தேடிப்பிடித்து, காசு ஆசை காட்டி, ஆளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். உறுப்பு விற்பனையை 1994லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. இருந்தும் புரோக்கர் வந்தான். அவனுக்கு நம்ம வீடு தொலைவாக இல்லை. எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றால் மருத்துவம் வாசற்படி வரைக்கும் வருகிறது. கொடுப்பதற்குத்தான் தொலைவு.

இன்னொரு தொலைவு இருக்கிறது. அது ஒரு முழம்கூட இருக்காது. டாக்டர் கைக்கும் நம்ம மேலுக்கும் நடுவில் உள்ள இடம்.

அம்பேத்கர் தன் வாழ்க்கையிலிருந்தும் தனக்குத் தெரிந்தவர்கள் வாழ்க்கையிலிருந்தும் சில சம்பவங்களை எழுதி வைத்திருந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்னப் புத்தகமாக 1990இல் வந்தது. அதில் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். காந்தியின் 'யங் இந்தியா'வில் 1929 டிசம்பர் 12ஆம் தேதி வெளியான கடிதம். எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த, தீண்டப்படாத சாதியில் பிறந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாளில் உடம்புக்கு முடியாமல் போகிறது. வயிற்றுப்போக்கு, நெஞ்சு வீக்கம், மூச்சு விட முடியவில்லை. டாக்டரைக் கூப்பிடப் போகிறார். சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார் டாக்டர். ஊர்ப் பெரிய மனிதர்களைப் பிடித்து, இரண்டு ரூபாய் பீஸுக்கு அவர்களில் ஒருவர் ஜாமீன் நின்று கெஞ்சிய பிறகு டாக்டர் ஒரு நிபந்தனையோடு வருகிறார். நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பை, பச்சைக் குழந்தையோடு, வெளியே தூக்கி வருகிறார்கள்.

அங்கே நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் அதை வாத்தியாரிடம் கொடுக்கிறார். வாத்தியார் மனைவிக்கு வைத்துப் பார்க்கிறார். அதே வரிசையில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. இரவு எட்டு மணி வாக்கில், விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு, நிமோனியா என்று டாக்டர் சொல்கிறார். மருந்தை அனுப்பி வைக்கிறார். அப்புறம் வந்து பார்க்க மறுத்துவிடுகிறார், பீஸை வாங்கிக்கொண்ட பிறகும். அந்தத் தாய் செத்துப் போகிறாள்.

தோழர்களே, நோயாளி ஒரு இடம், டாக்டர் ஒரு இடம், நடுவில் ஒரு கருவி, ஒரு இடையாள். தொலை மருத்துவத்துக்கு வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தது. கரண்டும் கம்பியும்தான் இல்லை. அந்த டாக்டர் படிக்காதவர் அல்ல. அவர் சொன்ன நோய் சரியாகவேகூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடிக்கவில்லை, முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை. நம்மைத் தொடாமல் வைத்தியம் பார்ப்பது இந்த நாட்டுக்கு 2020இல் வந்த புதுமை இல்லை. 'சமூக இடைவெளி'யும் அப்படித்தான். மற்றவர்களுக்கு அது கொரோனாவோடு வந்தது, நமக்கு அது பிறந்த ஊர்.

1929 பழைய கதை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய தீண்டாமை ஆய்வு 2006இல் நூலாக வந்தது. மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்ததை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் பிரசவம் பார்க்கவும், தொப்புள்கொடி அறுக்கவும், ரத்தத் துணி அலசவும் ஊருக்கெல்லாம் நம்ம பெண்களின் கைதான் தேவைப்பட்டது. அப்போது மட்டும் தீட்டு கண்ணை மூடிக்கொண்டது.

அப்படியானால் டெலிமெடிசினே வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறானா என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் எங்க அத்தையின் கதையைச் சொல்ல வேண்டும்.

அத்தை ஒப்பந்தத் துப்புரவு வேலை செய்கிறவர். பிரசர், சர்க்கரை இரண்டும் உண்டு. 2020இல் பஸ் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் அந்தச் சேவையைப் போட்டுக் கொடுத்தான். திரையில் ஒரு டாக்டர் வந்தார். "வணக்கம்மா, சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது உங்களுக்கு" என்று கேட்டார். ஏழெட்டு நிமிசம் பேசியிருப்பார்கள். மருந்துச் சீட்டு போனிலேயே வந்தது. சாயங்காலம் நான் போனபோது அத்தை மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த டாக்டரு என்னைய வாங்க போங்கன்னு பேசுனாரு கண்ணு" என்றார். அதையே மூன்று தரம் சொன்னார். அறுபது வயசு ஆகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட யாரும் அதுவரைக்கும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

எந்த வீதி, எந்த வளவு என்று அந்தத் திரை கேட்கவில்லை. யார் வீட்டுப் பொம்பளை என்று கேட்கவில்லை. ஊர் டாக்டருக்கு எல்லாம் தெரியும். யார் எந்தத் தெரு, யார் அப்பன் யாருக்குப் பண்ணையம் செய்தான் என்று சீட்டு எழுதும்போதே தெரியும். இருநூறு மைலுக்கு அப்பால் உள்ளவருக்குத் தெரியாது. ஊர் நம்மை அடையாளம் கண்டுகொள்வதுதான் நமக்குப் பிரச்சினை. அடையாளம் தெரியாத இடத்தில் கொஞ்சம் மூச்சு விடுகிறோம். பட்டணத்துக்குப் போங்கள் என்று அம்பேத்கர் சொன்னதிலும் இந்த நியாயம் இருக்கிறது.

பேங்கில் ஏ.டி.எம். வந்தபோதும் இதையே பார்த்தேன். பாஸ்புக்கைக் கையில் கொடுக்காமல் பலகை மேல் வீசுகிற கேசியரை விட, காசை நீட்டுகிற மெஷின் நம்ம சனத்துக்குப் பிடித்திருந்தது. மெஷினுக்குத் தீட்டு இல்லை. ஆனால் ஒரு நாள் அட்டையை விழுங்கிவிடும். அல்லது காசு வராமலே கணக்கில் கழிந்துவிடும். அப்போது யாரிடம் கேட்பது? மறுபடியும் அதே கவுண்டர், அதே ஆள். கைரேகை மெஷினும் இப்படித்தான். சாயப்பட்டறையில் வேலை செய்து, பினாயில் கலந்து, ரேகை அழிந்துபோன விரலை மெஷின் ஒத்துக்கொள்ளாது. நாலு தரம் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். தன் விரலே தன்னுடையது இல்லை என்று சொல்லும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். மெஷின் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் எல்லோரும் சமம். அது நின்றுபோன இடத்தில் ஊர் திரும்ப வந்துவிடும்.

அத்தை கதையிலும் அது வந்தது. அடுத்த வருசம் காலில் புண். சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளங்காலில் உணர்ச்சி போய்விடும், ஆணி குத்தினாலும் தெரியாது. குப்பையில் வெறுங்காலோடும் கிழிந்த செருப்போடும் நின்று வேலை செய்கிறவருக்கு அது எப்போது குத்தியது என்றே தெரியாது. போனில் பேசினோம். டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். காலைக் காட்டுங்கள் என்றார். காட்டினோம். வெளிச்சம் போதவில்லை. சிவப்பா, கறுப்பா, சீழா, வெறும் அழுக்கா என்று தெரியவில்லை. பக்கத்தில் அமுக்கினால் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். வாடை வருகிறதா என்று கேட்டார். திரை சூட்டைக் கொண்டுபோகாது, வாடையையும் கொண்டுபோகாது. நேரில் காட்டிவிடுங்கள் என்று சொல்லி முடித்தார். அவர் சொன்னது சரி. உடம்பைத் தொட்டுச் சோதித்தே ஆக வேண்டிய நோய் என்றால், அதற்கு ஏற்பாடு ஆகும் வரை போனில் வைத்தியத்தைத் தொடரக் கூடாது என்று அந்த 2020 நெறிமுறையே சொல்கிறது. நல்ல விதி. ஆனால் ஏற்பாடு செய்வது யார்?

சர்க்கரைக் காலைச் சோதிக்க ஒரு நைலான் இழை போதும். உள்ளங்காலில் பத்து இடத்தில் அதை மெல்ல வைத்து, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. இதைவிட மலிவான கருவி மருத்துவத்தில் குறைவு. ஆனால் அதற்கு ஒரு ஆள் கீழே உட்கார்ந்து, துப்புரவுத் தொழிலாளியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் இந்த நாட்டுக்குக் கை வரமாட்டேன் என்கிறது. ஒரு தனியார் கிளினிக்கில், பெயர் வேண்டாம், நாற்காலியில் இருந்தபடியே பேனாவால் காட்டி "கட்டை அவிழ்" என்றார்கள். அவிழ்த்தோம். எட்டிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்கள். நேருக்கு நேர் நடந்த தொலை மருத்துவம் அது.

கடைசியில் அந்தக் காலைத் தொட்டது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிற ஒரு பெண். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. பிரசர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்தப் பெண் திண்ணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, "காலை இங்க வைங்க அத்தை" என்றாள். கழுவிப் பார்த்தாள், கொட்டாவி விடுகிற அளவுக்கு நிதானமாகப் பார்த்தாள். அப்புறம் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, சூடு இருக்கிறது, எலும்பு தட்டவில்லை என்று டாக்டருக்குச் சொன்னாள். அன்றைக்குத்தான் அந்த வைத்தியத்துக்கு அர்த்தம் வந்தது. கால் தப்பியது. ஒரு விரல் போனது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கம்பியின் அந்த முனையில் எவ்வளவு பெரிய டாக்டர் இருக்கிறார் என்று விளம்பரம் பேசுகிறது. நமக்கு உயிர் இருப்பது இந்த முனையில். இங்கே யார் கை இருக்கிறது, அது நம்மைத் தொடுமா, தொடத் தெரியுமா, தொடுகிற கைக்குச் சம்பளம் உண்டா?

இது நடக்காத காரியம் இல்லை. தேனியில் நடந்திருக்கிறது. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் தேனிப் பக்கத்துச் சின்ன ஊர்களில் கண் மையங்களைத் திறந்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள், வீட்டில் வைக்கிற வைஃபை கருவியை உயரமான கம்பத்தில் கட்டி, மைல் கணக்கில் போகும்படி செய்து கொடுத்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர் கம்பத்தில் இல்லை. கிராமத்திலிருந்து ப்ளஸ் டூ முடித்த பெண்களைச் சேர்த்து, இரண்டு வருசம் பயிற்சி கொடுத்து அங்கே உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் கண்ணைச் சோதித்து, உள்ளே படம் எடுத்து அனுப்புகிறாள். டாக்டர் அங்கிருந்து பார்த்து நோயாளியோடு பேசுகிறார். கண்ணாடி வேண்டுமா, அங்கேயே. ஆபரேசன் வேண்டுமா, போகிற வழியும் அவளே சொல்லிவிடுகிறாள். இன்று அப்படி நூறுக்கும் மேற்பட்ட மையங்கள். கண் என்பதால் கொஞ்சம் சுலபம் என்று சொல்லலாம், படம் எடுத்தால் பாதி தெரிந்துவிடும். வயிற்றுவலிக்கு அப்படி முடியாது. ஆனாலும் பாடம் பாடம்தான். முதலில் ஆளைத் தயார் செய்தார்கள், வயரை அப்புறம் இழுத்தார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1970களில் விண்வெளி ஆராய்ச்சி செய்கிற நாசா, விண்ணில் போகிற ஆளுக்குத் தரையிலிருந்து வைத்தியம் பார்க்கும் வித்தையைப் பூமியிலேயே பரீட்சித்துப் பார்த்தது. எங்கே தெரியுமா? அரிசோனாவில், பாப்பகோ என்று வெள்ளைக்காரன் பேர் வைத்த தொகோனோ ஓதாம் பழங்குடி மக்களிடம். ஆஸ்பத்திரி இல்லாத பாலைவனத்தில் ஒரு வேன் போகும். வேனுக்குள் எக்ஸ்ரேயும் ஈ.சி.ஜி.யும். டாக்டர் ஊரில் இருந்து திரையில் பார்ப்பார். வேனில் இருந்த உதவி மருத்துவர்கள் அந்தப் பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர்களே. அதை அவர்கள் சரியாகச் செய்தார்கள். சில வருசத்தில் பரீட்சை முடிந்தது, திட்டமும் முடிந்தது. சோதனை செய்ய நாம் வேண்டும், சோதனை ஜெயித்த பிறகு நாம் வேண்டாம். இந்தக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கருவிக்குச் சாதி இல்லை என்று சற்று முன்னால் நானே சொன்னேன். நிறம் உண்டு. கொரோனாவில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், அது வெளிச்சத்தைத் தோல் வழியாக அனுப்பி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்கிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கருவி நல்ல எண் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு. கறுப்பர்களில் 11.7 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கருவியைச் செய்தவன் யார் தோலில் வைத்து அதைச் சரிபார்த்தானோ அந்தத் தோலுக்குத்தான் அது உண்மை பேசும். வெயிலில் கறுத்த நம் விரலில் 95 காட்டினால், போன் டாக்டர் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது, மூச்சு வாங்குகிறதா என்று இங்கே ஒரு ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த முனையில் இருக்கிற டாக்டரையும் விட்டுவிட முடியாது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா ப்ளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய பெண். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். நீட் குறுக்கே வந்தது. 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை விட்டாள். இருந்திருந்தால் இன்றைக்கு டாக்டர். எங்க அத்தை போனைத் திறந்தால் அந்தத் திரையில் வந்திருக்கலாம், "என்ன பண்ணுதும்மா" என்று கேட்டிருக்கலாம். தொலை மருத்துவம் பேசுகிறவர்கள் இந்தத் தொலைவையும் அளக்க வேண்டும்.

போன் யாருடையது என்பதும் சின்ன விசயம் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தானே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருந்த பெண்கள் நாடு முழுக்கச் சுமார் 54 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் இதைவிடக் கூடுதல். கூடுதலான இந்த ஊரிலும் ஒரு அம்மாவுக்கு வெள்ளைப்படுதல் என்றால் மகன் போனில், மகன் பக்கத்தில் நிற்க, எப்படிச் சொல்வாள்? தார் சுற்றுகிற பெண் பட்டறைக்காரர் வீட்டு போனில் என்ன பேசுவாள்? காசநோய் என்று ஒரு வார்த்தை வெளியே கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. கதவு சாத்திய ஒரு அறை வேண்டும். அதுவும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

பேச்சு முடிந்ததும் சிலர் கேள்வி கேட்டார்கள். கல்லூரியில் படிக்கிற ஒரு தங்கை, அந்தத் தெர்மாமீட்டரை வாங்கிக் கொடுத்த முஸ்லிமின் பெயர் என்ன என்று கேட்டாள். கடிதத்தில் பெயர் இல்லை என்றேன். டாக்டரின் பெயராவது இருக்கிறதா என்றாள். அதுவும் இல்லை.

தறி ஓட்டுகிற ஒரு அண்ணன் எழுந்து, "இதெல்லாம் சரிங்க, நாம என்ன கேக்கோணும், அதச் சொல்லுங்க" என்றார். அன்றைக்கு எல்லோருமாகப் பேசி முடிவு செய்ததை இங்கே எழுதிவிடுகிறேன். டெலிமெடிசின் வேண்டும் என்றே கேட்கப் போகிறோம். ஆனால் போனில் அல்ல, வளவிலேயே ஒரு அறையில். காலையில் இல்லை, ஷிப்ட் மாறுகிற சாயங்காலத்தில். அந்த அறையில் பயிற்சி பெற்ற ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் நம்ம வீதிகளில் இருந்து எடுக்கப்பட்டவளாக இருக்க வேண்டும். இப்போது வீடு வீடாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது ஊக்கத்தொகை. அவளுக்கு அது போதாது, மாதச் சம்பளம் வேண்டும். பிரசர் மெஷின், சர்க்கரை மெஷின், அந்த நைலான் இழை, நல்ல வெளிச்சம் தருகிற ஒரு விளக்கு. டாக்டர் நேரில் பார்க்க வேண்டும் என்று சொன்னால், அதே வாரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் தேதியும் நேரமும் குறித்த சீட்டு. போய் நின்றால் மறுபடி வரிசையில் விடக் கூடாது. சாதி இந்து வீதியிலிருந்து வருகிற நர்சும் அங்கே மாற்றி மாற்றி வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு அம்மா சொன்னார். "நம்ம புள்ளைக மட்டும் நம்மளத் தொட்டா அதுக்குப் பேரு வேறீங்க" என்றார். அதையும் சேர்த்தோம்.

மனு நகராட்சிக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. எழுதித் தருகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். பேங்கில் பாதி நாள் அடுத்தவர்களுக்கு மனு எழுதுவதுதான் வேலை, பழக்கம் இருக்கிறது. கையெழுத்து வாங்க வரும் ஞாயிறு வளவு வளவாகப் போகிறோம். போகும்போதே யார் யாருக்குக் காலில் புண் இருக்கிறது, யாருக்கு மூணு வாரத்துக்கு மேல் இருமல், யார் வீட்டில் யார் கையில் போன் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வரப் பத்துப் பேர் தேவை. ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.